நாற்காலியில் உட்கார்ந்தால் பெயர் சொல்ல வேண்டும்

"பேரு சொல்லுங்க."

கறம்பக்குடியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான்கு வருடமும், காலையில் கடைக்குள் நுழைந்ததும் என் காதில் விழும் முதல் பேச்சு இதுதான். எங்கள் ஊருக்கு வரும் முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அதனால் ஏழு மணிக்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். அந்த நேரத்தில் ஜெராக்ஸ் எடுக்க யார் வருவார்? ஒருவரும் வரமாட்டார். ஆனால் பக்கத்துக் கடை களைகட்டியிருக்கும். பக்கத்துக் கடை ஒரு ரத்தப் பரிசோதனை லேப். இரண்டுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான் சுவர். அங்கே யாராவது கொட்டாவி விட்டால்கூட இங்கே எனக்குக் கேட்கும்.

அந்த லேபை நடத்தியவரை நான் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி. சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. இடது கையில் காலிக் குழாயும் வலது கையில் பேனாவுமாக, நாற்காலியில் இருப்பவர் தன் வாயால் பெயரையும் அப்பா பெயரையோ புருஷன் பெயரையோ வயதையும் சொல்லும்வரை அசையாமல் நிற்பார். புருஷன் பெயரைச் சொல்லக் கூசும் பெண்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, அவர்கள் அப்பா பெயரைச் சொன்னால் போதும். சொன்ன பிறகுதான் குழாய்மேல் எழுதுவார். எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்டி "சரிதானே?" என்பார். "சரிதாங்க" என்று பதில் வந்த பிறகுதான் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவார். டாக்டர் கொடுத்த சீட்டிலேயே எல்லாம் எழுதியிருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

இதனால் பாதி ஊர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றது. எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். ஆனால் இன்றைக்கும் என் அம்மா அடுப்படியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால், அது அந்த அக்கா கேட்ட அந்த இரண்டு வார்த்தையால்தான். இதைக் கடைசிவரை மூடி வைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடை போட்ட மூன்றாவது மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குள் நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம். மத்தியானம் அவர் குழம்பு என் சோற்றிலும், எங்கள் வீட்டு முந்திரிப்பருப்பு அவர் டப்பாவிலும் போய்ச் சேர்ந்துவிடும். ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். தள்ளாடிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பேரு சொல்லு."

"என்னக்கா, வெளையாடுறீங்களா?"

"நேத்து வரைக்கும் நீ ஜெராக்ஸு. இன்னைக்கு நாற்காலியில ஒக்காந்திருக்க. சொல்லு."

"ஒங்களுக்குத்தான் தெரியும்ல!"

"எனக்குத் தெரியும். இந்தக் குழாய்க்குத் தெரியாதுல்ல."

உடம்பு அனலாய்க் கொதிக்க, பெயர், அப்பா பெயர், வயது என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். திருப்பிப் படித்தார். சரிதான் என்றேன். ஊசி இறங்கியதே தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும், அவர் கை அவ்வளவு லேசு. தன் பாப்பா கட்டெறும்பு கடித்தால் அழுவாள், அக்கா ஊசிக்கு அழமாட்டாள் என்று ஒரு அம்மா வந்து சொல்லிவிட்டே போனார். மத்தியானம் அவரே எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது மறுபடி நான் ஜெராக்ஸு ஆகிவிட்டேன்.

அந்தப் பாப்பா வந்த அன்று நடந்ததும் ஒரு கூத்து. நாலு வயது இருக்கும். பெயரைக் கேட்டால் "குட்டிம்மா" என்றாள். அவள் அம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அம்மா குட்டிம்மான்னு கூப்பிடுவாங்க, சரி. பள்ளிக்கூடத்துல மிஸ்ஸு எப்படிக் கூப்பிடுவாங்க?" பாப்பா யோசித்தாள். பெஞ்சில் வெறும் வயிற்றோடு காத்திருந்த ஏழெட்டுப் பேரும் அவளோடு சேர்ந்து யோசித்தார்கள். கடைசியில் இனிஷியலோடு முழுப்பெயரையும் கத்திச் சொன்னாள் பாருங்கள், நான் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கைதட்டினேன். அந்தப் பக்கமிருந்து பிளைவுட்டில் டொக்கென்று ஒரு தட்டு விழுந்தது. "ஜெராக்ஸு, ஒட்டுக்கேக்காத."

ஒட்டுக்கேட்க அங்கே ரகசியம் ஒன்றும் இருக்காது. பெயரைத்தான் சத்தமாகக் கேட்பார். மற்றதெல்லாம் காதோடு காதாக. ரிப்போர்ட்டை மடித்துக் கவரில் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார். அதை வாங்குபவர்கள் வாசலிலேயே கிழித்துப் பார்த்துவிட்டு, என் கடைக்கு வந்து "பாஸா, பெயிலா பாருத்தா" என்று என்னிடம் நீட்டுவார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரத்தப் பரிசோதனை என்பது பரீட்சைதான். பத்து மணி நேரம் வெறும் வயிறு என்றால் இருபது மணி நேரம் கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, படியிலேயே சரிந்து விழுந்தவர்கள் உண்டு. "பச்சத் தண்ணி குடிக்கலாம்னு சொன்னேன்ல?" என்று அக்கா கேட்டால், "குடிக்காம இருந்தா நல்லா வரும்னு நெனச்சேன்" என்பார்கள். அவர்களுக்காகவே மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். ரத்தம் எடுத்து முடிந்த பிறகுதான் அது வெளியே வரும்.

பழைய பஞ்சாயத்துப் பிரசிடெண்டு ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கூட இரண்டு பேர். "பேரு சொல்லுங்க" என்றதும் அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"எம் பேரா? பஸ் ஸ்டாண்டு பூராம் போஸ்டர் ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

"போஸ்டர்ல ரத்தம் எடுக்க முடியாதுங்களே ஐயா."

கூட வந்த இரண்டு பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சொல்ல வைத்தார் அக்கா. இரண்டு சோதனை எழுதியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று. முதலாவது நன்றாகவே வந்திருந்தது. இரண்டாவது எக்கச்சக்கம். மறுநாள் ரிப்போர்ட்டோடு சண்டைக்கு வந்தார். மெஷின் பழுது என்றார். ஒரு வாரமாகப் பாகற்காய்தான் சாப்பிடுவதாகவும், விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி நடப்பதாகவும் சத்தியம் செய்தார்.

"நம்புறேங்கய்யா," என்றார் அக்கா. "ஒரு வாரம் பாவக்காய் தின்னது மொத ரிப்போர்ட்டுல இருக்கு. அதுக்கு முந்தி பதினோரு வாரம் என்ன தின்னீங்கன்னு ரெண்டாவது ரிப்போர்ட்டுல இருக்கு. ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒங்களை மாட்டிவிடுறதுக்கு எடுக்கல, மாத்திரை எம்புட்டுன்னு அவரு முடிவு பண்ணத்தான் எடுக்குறது."

பிரசிடெண்டு ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு டீக்கடையில் அவரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததால்தான் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் கழித்து வந்தபோது, அக்கா வாயைத் திறக்கும் முன்பே நாற்காலியில் உட்கார்ந்து பெயரும் அப்பா பெயரும் சொல்லி, கட்சிப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

அவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மழை பெய்து ஆள் வராத ஒரு காலை. அக்கா குழாய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஊர் லேபில், ஒரே நாளில் இரண்டு மாரியாயிகள் வந்திருக்கிறார்கள். ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வயது. கூட்டம் அதிகம், இவர் அப்பா பெயரைக் கேட்கவில்லை. குழாய் மாறிவிட்டது. சர்க்கரை இருந்த மாரியாயி மாத்திரையில்லாமல் இருக்க, சர்க்கரை இல்லாத மாரியாயி மாத்திரை போட்டுப் போட்டு மயங்கி விழ, மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த மூணு வாரமும் நான் ஒண்ணும் தெரியாம சிரிச்சுக்கிட்டு, சினிமாக்குப் போயிக்கிட்டு இருந்தேன் ஜெராக்ஸு. அதை நெனச்சா இப்பவும் சோறு எறங்காது."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இல்லை.

இனி அம்மா கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அப்பாவைச் சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால் அப்பாவைத்தான் கூட்டிப்போவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, எத்தனை ஆள் ஆழமானாலும் முங்கி, சேற்றில் கிடக்கும் மோட்டாரைக் கட்டிவிட்டு மேலே வருவார். தண்ணீரில் பாம்பு நெளிந்தால் "அது பாட்டுக்குக் கெடக்கு" என்பார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஊசி என்றால் உதறல். ஆஸ்பத்திரி வாசனை அடித்தாலே சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வார்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது, தம்பியும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ஒரு மாதம் தூங்கியது. நான் தினமும் கேட்பேன். இன்றைக்குக் கடலைக்கு மருந்தடிக்கணும், நாளைக்குக் கரண்டு ஆபீஸ், நாளன்றைக்கு நாள் நல்லா இல்லை என்று அப்பாவிடம் தினம் ஒரு காரணம் இருக்கும்.

அதே நாட்களில் அம்மா அரிசி தின்றுகொண்டிருந்தாள். சோறு இல்லை, பச்சை அரிசி. முந்தானையில் ஒரு பிடி முடிந்திருப்பாள். நின்ற இடத்தில், நடக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நறநறவென்று சத்தம் கேட்கும். "வீட்டுக்குள்ள எலி பூந்துருச்சு" என்று அப்பா கிண்டல் செய்வார். நானும் சேர்ந்துகொள்வேன். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். ஏன் என்று கேட்டால் வயசாகிவிட்டது என்பாள். நாற்பத்தாறு வயதில் என்ன வயசு? நான் கேட்கவில்லை. ஊர் உலகத்து ரிப்போர்ட்டையெல்லாம் வாசலில் நின்று படித்துச் சொன்னவள், வீட்டுக்குள் கேட்ட சத்தத்தை எலி என்று சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் சந்தைக்கு வருகிறேன் என்று சொல்லி அம்மாவும் என்னோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். கடை வாசலில் என்னை விட்டுவிட்டு "நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றாள். நான் மெஷினைப் போட்டேன். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"பேரு சொல்லுங்க."

சீட்டு சரசரக்கும் சத்தம்தான் வந்தது.

"அக்கா, ஒங்களத்தான். பேரு சொல்லுங்க."

"சீட்டுல இருக்குத்தா."

அம்மாவின் குரல். நான் மெஷினை நிறுத்தினேன்.

"சீட்டுல கருப்பையான்னு இருக்கு. ஆம்பள, வயசு அம்பத்திரெண்டு."

"அவுகதான். எங்க வீட்டுல அவுக."

"அப்ப அவுகளக் கூட்டியாங்க."

"அவுகளுக்கு ஊசின்னா ஆகாதுத்தா. அதான் நான் வந்தேன். எங்கிட்ட எடுத்துக்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒலைச் சோறுதான் திங்கிறோம், இருபத்தஞ்சு வருசமா. நான் உப்பு போட்டா அவுகளுக்கும் உப்பு, எனக்கும் உப்பு. அவுக ஒடம்புல ஓடுறதுதானே எனக்கும் ஓடும்?"

பெஞ்சே வெடித்துச் சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. ஓடிப்போய் லேபுக்குள் நுழைந்தேன். அம்மா கையை நீட்டி வைத்துக்கொண்டு, தான் சொன்னதில் என்ன தப்பு என்று புரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை வைத்துவிட்டு, குனிந்து, அம்மாவின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். பிறகு நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க பச்ச அரிசி திம்பீங்களா?"

அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். "நீதான் சொன்னியா?"

"யாரும் சொல்லல. கண்ணு உள்ளுக்குள்ள வெள்ளத் துணி மாதிரி வெளுத்துக் கெடக்கு. இப்படி ரத்தம் கொறஞ்சவங்களுக்கு அரிசி, மண்ணு, சாம்பல்னு எதையாச்சும் திங்கணும்னு தோணும். எம்புட்டு நாளா?"

"ஒரு வருசமிருக்கும். சும்மா வாய்க்குத்தான்."

அக்கா அவள் காதருகே வாயை வைத்து என்னவோ கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். எனக்குச் சொல்லாததை, அப்பாவுக்குச் சொல்லாததை, முன்பின் அதிகம் பேசியிராத ஒருவரிடம் சொன்னாள். மாதாமாதம் பத்துப் பதினைந்து நாள் போவதாக. நிற்கப்போகிற வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததாக.

"இந்தச் சீட்டு ஒங்க வீட்டுக்காரருக்கு. அவரு ரத்தத்த அவருதான் குடுக்கணும். ஒங்களுக்கு வேற சீட்டு வேணும், வாங்க." சீட்டு இல்லாமல் யாருக்கும் ஊசி குத்துவதில்லை என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். பெஞ்சில் அத்தனை பேர் வெறும் வயிற்றோடு காத்திருக்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிரே இருந்த டாக்டரம்மாவிடம் போனார். காலை நேரத்தில் அவர் லேபை விட்டு வெளியே போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

புதுச் சீட்டோடு திரும்பி வந்து அம்மாவை மறுபடி நாற்காலியில் உட்கார்த்தினார்.

"இப்பச் சொல்லுங்க. பேரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நீ சொல்லாத ஜெராக்ஸு. அவங்க சொல்லட்டும்."

என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு அவள் 'இந்தா'. தெருவுக்கு மோட்டார்க்காரர் சம்சாரம். பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, அவ்வளவுதான்.

"பொன்னழகு," என்றாள், யாரைப் பற்றியோ கோள் சொல்வதுபோல.

"கேக்கல."

"பொன்னழகு!"

அக்கா எழுதினார். அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். திருப்பிப் படித்தபோது, அவள் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு அம்மா லேசாகச் சிரித்தாள். "சரிதான்த்தா."

பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுகூட இல்லை. கவரை என்னிடம் கொடுக்காமல் அக்காவே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அழுது என்ன செய்ய? பாதி ரத்தத்துல ஒரு வீட்டையும் ரெண்டு மாட்டையும் பாத்திருக்காங்க ஒங்கம்மா. கெட்டிக்காரிதான். இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே."

"என்ன நோய்க்கா?"

"ரத்தம் நோயோட பேரச் சொல்லாது. எங்கிட்டு போயித் தேடணும்னு கையைக் காட்டும், அம்புட்டுத்தான். ஸ்கேன் எழுதியிருக்காங்க. நாளைக்கே புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போ. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நெஞ்சு தாங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

கர்ப்பப்பையில் கட்டி. சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டு ஆட்கள் யாராவது ரத்ததானம் செய்தால் நல்லது என்றார்கள். நான் போனேன், எடை பற்றாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தனக்குப் பதிலாக அம்மா கையை நீட்டப் போன கதையைக் கேட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "எலின்னு சொன்னேன்த்தா, எலின்னு சொன்னேன்" என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டார். நான் ரத்த வங்கியிலிருந்து திரும்பி வந்ததும் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நான் குடுக்குறேன். அவளுக்கு எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைப் பார்க்க லேப் அக்கா பஸ் ஏறி வந்திருந்தார். அவர்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். போகும் வழியில் அந்த விஷயத்தை உடைத்தார்.

"அண்ணே, ஒங்க ரத்தம் அக்காவுக்கே ஏத்த மாட்டாங்க. பேங்க்குல சேத்துக்குவாங்க. வேற யாருக்காச்சும் போகும்."

அப்பா நின்றுவிட்டார். "அவளுக்குப் போகாதா? பெறகு எதுக்குங்க நான் குத்திக்கிடணும்?"

"இப்ப அக்காவுக்கு ஏறிக்கிட்டு இருக்கே, அது யாரு குடுத்தது?"

"தெரியலயே."

"அந்த ஆளுக்கும் அக்காவைத் தெரியாது. அவரும் இப்படிக் கேட்டிருந்தா?"

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

கவுன்டரில் இருந்தவர், எந்த நோயாளிக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "எங்க வீட்டுல" என்றார் அப்பா. பெயர் வேண்டும் என்றார் அவர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். லேப் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"பொன்னழகு," என்றார் அப்பா. என் வயதுக்கு அப்பா வாயால் அந்தப் பெயரைக் கேட்டது அன்றுதான்.

படுக்கையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் விரல்களை நெரித்துக்கொண்டு கிடந்தார். பாதிப் பை நிறைந்ததும் ஒரு கண்ணைத் திறந்து "குத்தப் போறாங்களா?" என்று கேட்டார். ஊசி எப்போதோ இறங்கியிருந்தது. அந்த அறையில் இருந்த நர்ஸ் முதல் பெருக்குகிற அம்மா வரை சிரித்துவிட்டார்கள். பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்ததும் தைரியம் வந்துவிட்டது. வார்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அம்மாவிடம் "ஒண்ணுமே இல்ல, எறும்புக் கடி" என்றார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அடுத்த வாரமே அந்தப் பழைய சீட்டோடு கறம்பக்குடிக்கு வந்து, அக்காவின் நாற்காலியில் தானாக உட்கார்ந்து பெயரைச் சொன்னார். சர்க்கரை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெரியப்பாவை அவர் படுத்திய பாடு தனிக் கதை.

ஆபரேஷன் முடிந்து, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் ஆன ஒரு காலையில், அம்மா உலை வைப்பதை வாசற்படியிலிருந்து பார்த்தேன். அரிசியைக் களைந்தாள், கழுநீரை வடித்தாள், முழுவதையும் உலையில் போட்டாள். ஒரு மணிகூட வாய்க்குப் போகவில்லை. அவளுக்கே அது தெரியவில்லை. நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

லேப் அக்காவின் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு வேலை மாறியது. ஒரே வாரத்தில் லேபைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். என் போனில் அவர் எண் 'லேப் அக்கா' என்றுதான் இருந்தது. பிறகு அந்த எண்ணும் போகவில்லை. யாரிடமாவது விசாரிக்கலாம் என்றால் பெயர் தெரியவில்லை. நாலு வருடம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஊர் முழுவதின் பெயரையும் கேட்டவரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. அவர் லேபில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சர்டிபிகேட்டில் இருந்திருக்கும். அதை நானே எத்தனையோ தடவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையும் படித்ததில்லை.

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அம்மாவையும் அப்பாவையும் புதுக்கோட்டையில் ஒரு லேபுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அச்சடித்த ஸ்டிக்கரைக் குழாயில் ஒட்டிவிட்டு, அங்கிருந்த தம்பி அவசரத்தில் நேரே கையைப் பிடித்தார். அம்மா வெடுக்கென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பயமா?"

"பேரு கேக்கலையே தம்பி."

"ஸ்டிக்கர்ல இருக்கும்மா."

"இருக்கட்டும். நீ கேளு, நான் சொல்றேன்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். "சரி, பேரு சொல்லுங்கம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொன்னழகு. புருசன் பேரு கருப்பையா. வயசு அம்பத்தெட்டு."

பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த அப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிட்டார். "ஏ, இந்தா! எம் பேரையா சொன்ன?"

"பெறகு? குழாய் மாறிப் போச்சுன்னா யாரு பாக்குறது? பேசாம ஒக்காருங்க," என்றாள் அம்மா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"இப்பத் திருப்பிப் படி."